ஐந்தாம் மெட்டு

வருவதற்கு முன்பே பதினேழு பேர் வாங்கிவிட்டார்கள்.
வாயால்.
கல்லாவுக்கு மேலே பட்டியல் ஒட்டியிருந்தேன்,
பழைய ரசீதின் முதுகில் எழுதியது.
ஃபார்கர், அவன் மைத்துனன், துறைமுகத்து இன்னிஸ்,
சாவு வீட்டுக்கும் கிட்டார் பட்டையோடு போகும் ஸ்ட்ரூவன்.
"கெஸ்ட்ரல் பேஸ் மறுபடி வருகிறதா?
கிட்னியை விற்றாவது" என்றார்கள்,
ஆளுக்கு இரண்டு கிட்னி இருக்கிற தைரியத்தில்.

எழுபத்தொன்பதில் அந்தத் தொழிற்சாலையை மூடியது
யாரும் வாங்காததால்தான்.
அன்று மாலை அது ஒருவருக்கும் நினைவில்லை.
நானும் சொல்லவில்லை. நான் வியாபாரி.

பிப்ரவரியில் பெட்டி வந்தது.
டே நதிமேல் மூட்டம்;
டண்டீயிலிருந்து கிளம்பிய பாலம்
பாதியில் மனம் மாறி நின்றிருந்தது.
அதே வளைந்த கொம்பு, அதே கருஞ்சிவப்பு,
திருகாணியின் துருவைத் தவிர எல்லாம் அதே.
கழுத்தில் விலைச்சீட்டைக் கட்டினேன்:
நாலாயிரத்து இருநூறு பவுண்ட்.
கொஞ்சம் யோசித்து
சீட்டை உட்பக்கம் திருப்பிவிட்டேன்.

ஃபார்கர் நாற்பது நிமிடம் வாசித்தான்,
கண்கலங்கினான்,
பதினெட்டு பவுண்டுக்குத் தந்தி வாங்கிப் போனான்.
குமிழ்களை மட்டும் தனியாகத் தருவீர்களா என்றான் இன்னிஸ்.
ஸ்ட்ரூவன் சீட்டைத் திருப்பி
கல்லறை எழுத்தைப் படிப்பதுபோல் உதடசைத்தான்.
மைத்துனன் வரவேயில்லை.
பெர்த்திலிருந்து ஒரு பல் மருத்துவர் போன் செய்தார்,
வாசிக்கத் தெரியாதாம்.
பச்சைச் சுவருக்கு எடுப்பாக இருக்குமா?

எல்ஸ்பெத் ரென்னி பட்டியலில் இல்லை.
இருபத்திரண்டாம் எண் பஸ் ஓட்டுபவள்,
மதிய இடைவேளையில் சீருடையோடு வந்தாள்,
கையில் பாதி கடித்த சாண்ட்விச்.
இருபது வருடம் கெஸ்ட்ரலோடு
கல்யாண மண்டபங்களை ஆடவைத்தவள்.
வேன் கிளட்ச் போன வருடம்
நூற்று எண்பதுக்கு விற்றாள்.
வாங்கியது நான்.
அடுத்த வாரமே முந்நூறுக்கு விற்றதும் நான்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.
பழைய கெஸ்ட்ரல் எல்லாவற்றுக்கும் ஒரு நோய் உண்டு:
மெல்லிய தந்தி, ஐந்தாம் மெட்டு.
அங்கே தொட்டால் சுரம்
ஈரத்தில் விழுந்த தீக்குச்சிபோல் செத்துப்போகும்.
புதியதில் எப்படியோ சரிசெய்துவிட்டார்கள்.
அவள் விரல்களுக்கு அந்தச் செய்தி வரவில்லை.
ஏறி வந்த கை ஐந்தாம் மெட்டின் வாசலில்
சட்டென்று பக்கத்துத் தந்திக்குத் தாவி
பத்தாம் மெட்டில் அதே சுரத்தை எடுத்தது.
திரும்பி வரும்போதும் தாவியது.
ஒவ்வொரு முறையும்.
அந்தத் தாவலில் ஒரு மயிரிழைத் தாமதம்;
ஊரே அதற்குத்தான் ஆடியது என்பது
எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இப்போது அங்கே ஒலிக்கும், தொட்டுப் பார்" என்றேன்.
தொட்டாள்.
ஒலித்தது,
வாசலில் ஒரு பஸ் வந்து, நின்று, போன பிறகும் ஒலித்தது.
தலைசாய்த்து முழுவதும் கேட்டாள்.
"நன்றாகத்தான் இருக்கிறது.
ஆனால் அந்த நிறுத்தத்தில்
நான் வண்டியை நிறுத்தியதே இல்லையே."

பிறகுதான் சீட்டைத் திருப்பினாள்.
சிரித்தாள், அசிங்கமில்லாத சிரிப்பு.
ஒன்றரைக்குக் கிளம்பிவிட்டாள்.
மிச்ச சாண்ட்விச்சை மறந்துவிட்டு.

பல் மருத்துவர் படம் அனுப்பியிருக்கிறார்.
பச்சைச் சுவரில் கெஸ்ட்ரல்.
சீட்டை அவிழ்க்க மறந்திருக்கிறேன்,
இன்னும் உட்பக்கம் பார்த்தபடி தொங்குகிறது.

கம்பெனி ஆள் கேட்டார்:
"இசைக்கலைஞர்கள் வாங்குகிறார்களா?"
"ஒன்று போயிற்று."
"பார்த்தீர்களா! இன்னொன்று அனுப்பட்டுமா?"
வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன்.
ஜன்னலில் இருபத்திரண்டு திரும்பிக்கொண்டிருந்தது,
மணி ஒன்றேகால்.

"அனுப்புங்கள்" என்றேன்.
இனி அந்தக் கடனை எப்படி அடைப்பது என்று
பட்டியலின் பின்பக்கத்தில்
கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.