கடைமடை

வண்ணாரப்பேட்டையில் செல்போன் கடைக்கு மேலே
பத்துக்கு எட்டு அறை.
ஏசி உண்டு, எனக்கில்லை, கம்ப்யூட்டருக்கு.
மாதம் பதினாறாயிரத்துக்கு
மற்றவர்கள் மூச்சு விடும் இடங்களை
வெட்டி எறிவது என் வேலை.

பலவேசம் அண்ணாச்சி அப்போது
பரோட்டா தின்றுகொண்டிருந்தார்.
ஆலங்குளம் விலக்கில் ஒரு கடையில்
பிய்த்துப் போட்டு, சால்னாவைக் குளமாக ஊற்றி
'பலவேசம் பேசுதேன் மக்களே' என்று
கேமராவுக்குக் கண்ணடித்தால்
முப்பதாயிரம் பேர்.
பிறகு ரோட்டுக் குழியில் வாழை நட்டார்.
இரண்டு லட்சம்.
ஒருநாள் கோபப்பட்டார், சும்மா ஒரு பார்க்கிங் தகராறில்.
ஒன்பது லட்சம்.
அன்று ராத்திரியே சொல்லிவிட்டார்:
'தம்பி, இனிமே சால்னா வேண்டாம்.'

அதற்கப்புறம் அவர் வாயில்
'நாம' வந்தது. கூடவே 'அவனுவ' வந்தது.
அவனுவ யாரென்பது வாரத்துக்கு வாரம் மாறும்.
ஒரு வாரம் தாலுகா ஆபீஸ்,
ஒரு வாரம் வடக்கேயிருந்து கட்டட வேலைக்கு வந்த பையன்கள்,
ஒரு வாரம் பொதுவாகப் படித்தவர்கள்.
பின்னணி இசை மட்டும் மாறவில்லை.
உறுமி ஒன்று வைத்திருந்தேன், எல்லோருக்கும் பொருந்தியது.

பிசானத்துக்கு நாற்றுப் பாவிய சமயம்.
பாளையங்கால்வாய்க் கரையில் நின்று
உதவிப் பொறியாளர் ரஹ்மத் நிஷா
ஒரு நிமிஷம் நாற்பது விநாடி பேசினார்.
மழை, அணை மட்டம், முறை வைத்து விடுவது,
உடைந்த மதகு ஒன்று.
நடுவில் இப்படி ஒரு வரி:
'கடைமடைக்குத் தண்ணி விடமாட்டோம்னு
யாரும் சொல்லல.'

தமிழ் பொறுமையான மொழி.
எல்லாவற்றையும் சொல்லவிட்டுக்
கடைசியில்தான் இல்லை என்னும்.
அதுவரை உட்கார்ந்து கேட்பான் ஒருவன் என்று
நம்பிக் கட்டியிருக்கிறார்கள்.

'டோம்' முடிந்து 'னு' தொடங்கும் முன்
முடி நுழையும் அளவு இடம்.
அங்கே கத்தியை வைத்தேன்.
இரண்டு விநாடி. சிவப்பு எழுத்து. உறுமி.
அந்த அம்மாவின் பெயரை மட்டும்
இரண்டு தடவை போடச் சொன்னார் அண்ணாச்சி.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
தெரியும்.

கீழே ஜெராக்ஸ் கடை ஜெபராணிதான்
செல்லை என் பக்கம் திருப்பிக் கேட்டாள்:
'இதுக்குப் பொறவு அவிய என்ன சொன்னாவ?'
கையில் யாருடையதோ ஆதார் நகல், சூடு ஆறாமல்.
'அவ்வளவுதான்' என்றேன்.
'வாய் இன்னும் மூடலையே' என்றாள்.

ஆறு லட்சம் பேர் பார்த்ததில்
வாயைப் பார்த்தவள் அவள் ஒருத்தி.

கொக்கிரகுளத்தில் கூட்டம். ஒரு கல்.
ஜீப் கண்ணாடி. ராமநாதபுரத்துக்கு மாற்றல்.
சீவலப்பேரிச் சித்தப்பா
நான் வெட்டியதை எனக்கே அனுப்பினார்:
'பாருல இவ திமிர.'
ஒன்றரை ஏக்கர் அவருக்கு.
அன்று அவர் வயலில் கணுக்கால் அளவு தண்ணீர்.
வரப்பில் நின்றபடிதான் அனுப்பியிருக்கிறார்.

முழு வீடியோவை வேறு பெயரில் ஏற்றிப் பார்த்தேன்.
பதினான்கு பேர் பார்த்தார்கள்.
அதில் மூன்று தடவை நான்.

இப்போது அண்ணாச்சி வேட்பாளர்.
பேட்டையில் மேடை, ட்ரோன்,
அவர் முகம் போட்ட விசிறி ஆயிரம்.
'ஜெயிச்சதும் ஒங்கள மறந்துருவேன்னு
மட்டும் நெனைக்காதீய!'
பெண்கள் பக்கம்தான் முதலில் எழுந்து நின்றது.

காலையில் ஏற்ற வேண்டும்.
மணி இரண்டு.
'வேன்' முடிந்துவிட்டது, 'னு' தொடங்கவில்லை,
விரல் தானாக அங்கே போய் நிற்கிறது.
வெட்டினால் அவர் உண்மை பேசிவிடுவார்.
ஆனால் அது அவர் சொன்னதில்லை.

விரலை எடுத்துவிட்டுப்
பழைய ஹார்டு டிஸ்கைச் சொருகுகிறேன்.
வெட்டிப் போட்ட துண்டு இருக்கிறது, ஒன்றரை விநாடி.
'னு யாரும் சொல்லல.'
ஹெட்போனை அழுத்திப் பிடித்து
மறுபடி, மறுபடி.
அவர் குரலுக்குப் பின்னால்
கால்வாய்ச் சத்தம்.
தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.