பதினான்கு அடி

காரை விற்று எட்டு மாதமாகிறது.
தொட்டிகளை எடுக்கவில்லை.

இரவில் ஓட்டாதீர்கள் என்றார் கண் மருத்துவர்.
இந்த ஊரில் பகலில் கிளம்பினாலும்
இரவில்தானே போய்ச் சேர்கிறோம்.
விற்றுவிட்டேன்.

ஒரு தொட்டியில் அரளி.
இன்னொன்றில் வெறும் மண்ணும்
யாரோ அணைத்த பீடித் துண்டுகளும்.
இரண்டுக்கும் நடுவே பதினான்கு அடி,
ஜோகுபாளையத்துச் சந்தில்
பத்திரமில்லாமல் எனக்குச் சொந்தமான நிலம்.

பெரிய சாலை சிவந்துபோனால்
அத்தனை பேர் கைப்பேசியும்
எங்கள் சந்தைக் காட்டிக்கொடுக்கும்.
பள்ளி வேன், அதன் வாலில் தண்ணீர் லாரி,
எதிரே தன் பாட்டைத் தானே பாடிக்கொண்டு குப்பை வண்டி.
மூன்றும் என் வாசலில் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும்.
யார் பின்வாங்குவது என்பது
இங்கே மானப் பிரச்சினை.
பால்காரப் பையன் மட்டும்
சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

எதிர்வீட்டு ஹொன்னப்பாவுக்கு இரண்டு கார், ஒரு கேட்.
"காடி இல்லவல்லா சார், குண்ட யாக்கே?"
வண்டிதான் இல்லையே, தொட்டி எதற்கு.
"வருகிறவர்கள் வருவார்கள்" என்றேன் தமிழில்.
அவருக்குப் புரியும். புரியாதவர்போல் நின்றார்.
இருபத்தாறு வருடப் பழக்கம் அது.
யார் வருவார்கள் என்று
உள்ளேயிருந்து குமுதவல்லி கேட்டாள்.
அவளுக்கும் பதில் சொல்லவில்லை.

மார்ச்சில் தெருவை மூடினார்கள்.
இருபத்தொரு நாள் என்றது பலகை.
எந்த நாளிலிருந்து என்று சொல்லவில்லை.
பள்ளம் நேராக என் பதினான்கு அடிக்குள் இறங்கியது.
எனக்கு அடியில்
வேறு யார் யாருடைய குழாயெல்லாமோ
படுத்திருந்தது அன்றுதான் தெரிந்தது.
அரளி மண்மேட்டின் உச்சியில்,
மலையைப் பிடித்துவிட்ட கொடி மாதிரி.

ஹொன்னப்பாவின் ஒரு கார் கேட்டுக்குள் சிறை.
இன்னொன்று எங்கோ ஏரிப் பக்கம் நின்று
தினம் ஒரு பூட்டும் அபராதமும் வாங்கியது.
சிலிண்டர்காரர் முனையிலேயே இறக்கி
உருட்டிக்கொண்டு வந்தார்.
பலகைமேல் நடந்து கறிகாய் வந்தது.
ஐம்பத்தெட்டு நாள்.

ஹார்ன் இல்லாத தெருவில்
இரவு பதினொன்றரைக்கு ஒரு இருமல் கேட்டது.
நாய் என்று நினைத்தேன்.
மறுநாளும் அதே நேரம்.
மூன்றாம் நாள் தெரிந்தது ஹொன்னப்பா என்று.
எத்தனை வருடமாக இருமுகிறாரோ.
கேட்கவேண்டும் என்று நினைத்தேன்.
நடுவில் பள்ளம்.

தெரு திறந்த அன்றே
சத்தம் வாடகைப் பாக்கியோடு திரும்பி வந்தது.
தொட்டிகளை அளந்து வைத்தேன்.
மாலைக்குள் உள்ளே ஒரு வாடகைக் கார்.
கண்ணாடியைத் தட்டக் கையோங்கினேன்.
இருக்கையைச் சாய்த்து, முகத்தில் துண்டு போட்டு,
ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.
கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு மேலே.
ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.

பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹார்ன் அடித்தது.
உஸ் என்றேன்.
அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வையில்
நானே ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்,
வேறு யாராவது சொன்னார்களா என்று.

விடிந்ததும் எட்டிப் பார்த்தேன்.
பையன் போய்விட்டான்.
பதினான்கு அடியிலும்
ஹொன்னப்பாவின் இரண்டாவது கார்
அளவெடுத்துத் தைத்த சட்டைபோல.
அரளி அவர் வாசலில்,
தண்ணீர் ஊற்றி, தூசி கழுவி.
பீடித் தொட்டியைக் காணோம்.

இருமலைப் பற்றியும் கேட்கலாம்.
ஆனால் முதலில் காடி தெகீரி.
செருப்பை மாட்டிக்கொண்டு
தொண்டையைச் செருமிக்கொண்டேன்.