நாற்பத்தொன்றாம் துளை

உனக்குப் பெயர் கிடையாது.
துருவேறாத தகட்டில் நீளமாய் ஓர் எண்.
கடைசி மூன்று இலக்கத்தால் கூப்பிடுகிறேன்:
எழுநூற்றுப் பதினாறே, காலை வணக்கம்.

உன்மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள்.
சிமெண்டின்மேல் பச்சை பெயிண்ட்,
தூரத்துக் கண்ணுக்குக் காடாய்த் தெரியட்டும் என்று.
ஹாங்காங்கில் யாருக்கும் தூரம் இல்லை.
முப்பத்தெட்டு மாடிச் சமையலறை ஜன்னல்கள்
உன் முகத்துக்கு நேரே திறக்கின்றன.
ஒருத்தி முட்டை உடைக்கிறாள்,
கயிற்றில் தொங்கும் என்னைப் பார்த்ததும்
திரையை இழுத்துவிடுகிறாள்.

மலைபோல நம்பு என்பார்கள்.
மலையை நம்பாமலிருக்க
எனக்கு மாதச் சம்பளம்.

நேற்றிரவு நல்ல மழை.
வீட்டில் கூரை ஒழுகினால் குற்றம்,
இங்கே ஒழுகாத துளைதான் குற்றவாளி.
முப்பத்தொன்பது: சொட்டுகிறது.
நாற்பது: நூலாய் இறங்குகிறது.
நாற்பத்தொன்று
உலர்ந்து கிடக்கிறது, பட்டினி நாளின் வாய்போல.
அதற்கடுத்ததும். அதற்கடுத்ததும்.
ஒரே வரிசையில் ஏழு.
குச்சியை உள்ளே விடுகிறேன்.
இரண்டு விரற்கடை.
டொக்.

கீழே மோட்டார்சைக்கிள் பட்டறை. மோக் தக்-ஹோய்
கையைத் துடைத்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார்:
"சேற்றுத் தண்ணீர், அம்மா. வாடிக்கையாளர் சீட்டின்மேல்.
ஏழையும் நானேதான் அடைத்தேன்.
நேர்த்தியாக இருக்கிறதா இல்லையா?"
நேர்த்திதான். நகம் நுழையாது.

உச்சிக்கு ஏறி, ஆழ்குழாயில் நாடாவை இறக்குகிறேன்.
ஒன்பது மீட்டரில் தண்ணீரைத் தொட்டுக் கத்தவேண்டிய கருவி
மூன்றாவது மீட்டரிலேயே கத்துகிறது.
கத்தலை நிறுத்தும் பொத்தானை
இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது,
விரல் வழுக்கிற்று.

சிதைந்த கருங்கல், நடுவில் வெண்களிமண் கோடு.
தண்ணீர் அங்கே யாரையும் இடித்துத் தள்ளுவதில்லை.
துகளுக்கும் துகளுக்கும் நடுவில் உட்கார்ந்து
ஆளுக்கொரு கோள் சொல்கிறது.
கோத்திருந்த கைகள் தாமாக விலகுகின்றன.

தாங்குவதை மேலே எழுது. இழுப்பதைக் கீழே எழுது. வகு.
ஒன்று புள்ளி நான்கு என்றால் தூங்கப் போகலாம்.
எனக்கு வந்தது ஒன்று புள்ளி பூச்சியம் நான்கு.
மறுபடி வகுத்தேன்.
பென்சிலை மாற்றியும் வகுத்தேன்.

மாலைக்குள் தேபே வந்தான், தப்லேஜுங்காரன்,
துளைப்பான் அவன் தோளில் குழந்தையைப்போல.
ஊரில் இதற்கெல்லாம் நேரமிருந்ததில்லை என்றான்,
அதற்குமேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
நாற்பத்தொன்று திறந்தது.
முதலில் காற்று. பிறகு கிணற்று வாசம்.
பிறகு டீ நிறத்தில் ஒரு பாய்ச்சல்,
மோக்கின் புதுத் தார்ப்பாய்மேல் சரியாக.
தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார் மனிதர்.
பத்து வாளி, இருபது வாளி, எண்ணுவதை விட்டேன்.
அவர் ஒவ்வொரு வண்டியாய்
தெருவின் மறுபக்கம் உருட்டத் தொடங்கியிருந்தார்.

இருபத்தாறு எஃகுக் கம்பிகள், பன்னிரண்டு மீட்டர் ஆழம்,
அதற்கான அனுமதி வர எட்டு வாரம்.
ஐந்தாம் வாரமே வந்தது கறுப்பு மழை எச்சரிக்கை.
இரவு முழுதும் அலுவலக நாற்காலியில்
போன்களுக்கு நடுவே, ஆறிய நூடுல்ஸ் கிண்ணத்தோடு.
வேறு சரிவுகளுக்காக அடித்தன.
உனக்காக அடிக்கவில்லை.

விடிந்ததும் படிவம் நிரப்பினேன்.
எழுநூற்றுப் பதினாறு. நிகழ்வு: இல்லை.
அந்தக் கட்டம் ஒரு சொல்லுக்குத்தான் அகலம்.
எதுவும் நடக்காததற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

நேற்று மோக் போன் செய்தார்.
எண்ணெய் டின்களை வெட்டி ஒட்டி
துளைகளுக்கடியில் ஓடை கட்டியிருக்கிறாராம்,
வண்டி கழுவ இப்போது குழாய்த் தண்ணீர் வேண்டாமாம்.
"அதுக்கில்லை," என்றார், "உன் நாற்பத்தொன்று
மூன்று நாளாய் மெலிந்துவிட்டது.
பக்கத்திலிருக்கிறது நன்றாகத்தான் ஓடுகிறது.
குச்சியை எடுத்துக்கொண்டு வா."