பதினோராம் பெட்டி

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் வீட்டுப் பின்னறை.
பதினேழு அட்டைப்பெட்டிகள், எல்லாம் மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் கழித்தவை.
ஜூன் மாத வெயிலில்
காகிதங்களுக்கே லேசாகப் புளிக்கும்.

மின்வாரியத்தில் மீட்டர் படித்தவன் நான்.
வீடு வீடாகப் போகிறவனுக்கு
கதவிடுக்கில் செருகிய துண்டறிக்கையும் கண்ணில் படும்.
கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.
கரண்டுக்காரன் எதற்குக் கேட்கிறான் என்று
ஒருவரும் கேட்டதில்லை.

முதல் பெட்டியில் அவசரநிலைக் காலத்து நாளிதழ் ஒன்று.
தலையங்கம் இருக்கவேண்டிய இடம் வெள்ளை.
அச்சுக்கோத்தவர் எடுக்க மறந்த
ஒரு காற்புள்ளி மட்டும் ஓரத்தில்.
அந்தப் புள்ளிக்காகத்தான் நாற்பது ரூபாய் கொடுத்தேன்.

ஒன்பதாம் பெட்டியில் ஒரு நாடகப் பிரதி.
'தாசில்தார்' என்பதை அடித்து
'ஒருவர்' என்று திருத்தியிருக்கிறார் அதிகாரி.
ஒருவர் வந்தார், ஒருவர் வாங்கினார், ஒருவர் போனார்.
மத்தூரில் மேடையேறியபோது
அந்த இடத்தில்தான் கூட்டம் விழுந்து சிரித்ததாம்.

கறுப்பு மையைத் திட்டியே
தலை நரைத்தவன் நான்.

போன வியாழக்கிழமை மாதம்மாள் வந்தார்.
மகன் தெருவில் வண்டியை அணைக்காமல் நின்றான்.
பதினோராம் பெட்டி, உண்மை அறியும் குழு அறிக்கை,
ஸ்டென்சில் வெட்டி உருட்டிய இருபத்திரண்டு பக்கம்.
அதில் பதிமூன்றாம் பக்கம் அவர் சொன்னது.
யாரோ ஆராய்ச்சி மாணவன்
என்னிடம் நகல் வாங்கிப்போய்
அவர் வாசலில் நின்றிருக்கிறான்,
அக்கம்பக்கம் எல்லாம் கேட்க.

"ஸ்டேசன்ல நடந்தத சொன்னேன். எழுதிக்கிட்டுப் போனாங்க.
பேரப் போடுங்கன்னு நான் சொல்லல.
எடுத்துருங்க."

சாட்சியம் என்றேன். வரலாறு என்றேன்.
நான்காம் பெட்டியில் கிடக்கும் சொற்களையெல்லாம்
ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்.
பேரு என்னுதுதானே?"

எதிர்க் கடையில் மார்க்கர் பேனா இருபது ரூபாய்.
அவருக்கு எழுத்துத் தெரியாது.
"எந்த எடம்னு காட்டுங்க" என்று விரலை நீட்டினார்.
அந்த விரலைப் பிடித்து
மூன்று இடங்களில் வைத்தேன்.
விரல் விலக விலக
பேனா போனது.

மலிவு மை. தாளுக்குள் ஊறி
மறுபக்கத்தில் சப்-இன்ஸ்பெக்டர் பெயரின்
முதல் இரண்டெழுத்தையும் தின்றுவிட்டது.
அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி
"எவ்ளோ தரணும்?" என்றார்.

அவர் போனபின் பதிவேட்டைத் திறந்தேன்.
பெட்டி பதினொன்று, பக்கம் பதிமூன்று.
மூன்று இடங்களில் மறைக்கப்பட்டுள்ளது.
மறைத்தவர், முனிரத்தினம்.
மறைக்கச் சொன்னவர் என்றொரு கட்டம்,
நானே கோடு போட்டு வைத்தது.
பதினேழு பெட்டிக்கும் அதில் ஒரு பெயர் உண்டு.
இதற்கு மட்டும் என்ன எழுத?

மார்க்கரின் மூடியைக் காணோம்.
ராத்திரி இரண்டு மணி வரை தேடினேன்.
காய்ந்தால் காயட்டும்.