பதினேழாவது வளைவு

அடிவாரச் செக்போஸ்டில்
டார்ச் அடித்து
மூட்டைகளைக் குத்திப் பார்க்கிற ஆள்
என்றுதான் கடவுளை நினைத்திருந்தேன்.
எஸ்டேட் மிளகில் இரண்டு மூட்டையை
லீ பஜாரில் விற்ற வருஷத்திலிருந்து
பூசைக்குப் போவதில்லை.

நேற்று உர லோடோடு ஏற்காடு ஏறினேன்.
பதினேழாவது வளைவில் பனி.
வண்டி இழுக்கவில்லை. கிளட்ச் கருகும் வாடை.
கண்ணுக்கு முன்னால் திடீரென்று
இறங்கி வருகிற பஸ், படி வரை ஆள்.

ஏறுகிற வண்டிக்கு
இறங்குகிற வண்டி வழிவிட வேணும்.
மலைக்கு அது ஒன்றுதான் சட்டம்.
யார் மதிக்கிறார்கள்?

அவர் மதித்தார்.
கண்டக்டர் விசில் ஊத ஊத
பின்சக்கரம் பள்ளத்து விளிம்பை உரச
ஏற்றத்தில் பின்னாலேயே போனார்.
ஹாரன் இல்லை, முறைப்பு இல்லை,
மூட்டையில் என்ன என்ற கேள்வி இல்லை.
ஜன்னலுக்கு வெளியே கை மட்டும்
வா, வா என்றது.

கடக்கும்போது பார்த்தேன்:
அந்தக் குளிரிலும்
காலர் நனைந்திருந்தது.

மேலே போய் ஓரம் கட்டி
ஸ்டியரிங்கில் தலை சாய்த்தேன்.
ஆண்டவரே,
நீர் இந்த ரோட்டிலா இறங்கி வந்தீர்?
நான் செக்போஸ்டையே பார்த்துக்கொண்டிருந்தேனே.

பிறகு
போனை எடுத்து
மிளகு இன்று கிலோ என்ன விலை என்று கேட்டேன்.
இரண்டு மூட்டைக்கு.