விடியல் நாகம்

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்கு மேலே
முந்நூறு ரூபாய் அறை.
டைட்டஸ் டிரம்ஸில் கையை வைத்தால்
கீழே தட்டில் கொட்டிய வெள்ளி மணிகள்
தானாகச் சிணுங்கும்.
"சாமிக்குக் காது நல்லாத்தானே கேக்குது தம்பி?"
பட்டறைக்காரர் படியேறி வந்து கேட்பார்.

விடியல் நாதம் என்றுதான் எழுதிக் கொடுத்தோம்.
பேனரில் த போய் க வந்தது.
மறுபடி அடிக்கக் காசில்லை,
ஒரு வருடம் நாகமாகவே பாடினோம்.

ஏற்காடு உபவாசக் கூட்டத்துக்குப் போகையில்
பதினேழாவது கொண்டை ஊசியில்
எப்சிபா மடியிலிருந்த கீபோர்டிலேயே வாந்தியெடுத்தாள்.
அன்றிலிருந்து ஒரு ஜி அழுத்தினால் எழாது.
அந்த ஜி வராத பாட்டாகவே
ஒபேது எழுதப் பழகினான்.
அங்கே மூப்பர் டேப் பிடித்து
பீடத்துக்கும் டிரம்ஸுக்கும் பன்னிரண்டடி அளந்தார்.
காணிக்கை நூற்றிருபது ரூபாய்,
ஒரு பை ஆரஞ்சு.
இறங்கும்போதே உரித்துத் தின்றுவிட்டோம்.

என் பேஸ் பாக்ஸ் எப்போதோ செத்திருந்தது.
யாரும் கவனிக்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பட்டறைக்காரர்தான் ஒருநாள்
என்னை மட்டும் நிறுத்திக் கேட்டார்:
"நீ என்னப்பா வாசிக்கிற?
உன் பங்குக்கு
மணி ஒண்ணும் அசையலயே."

ஜெபம் பண்றேன் என்றேன்.
அது பொய்யும் இல்லை.