மரக்கரண்டி

ஸ்கெல்பியில் நாய்கள் குரைக்காமல் காத்திருக்கும்.
கதவின் தபால் பிளவுக்குள் விரல் நுழைந்த பிறகுதான் கவ்வும்.
அதனால் மெரின் ஓல்ட்ராய்டு
சமையலறையிலிருந்து தட்டையான மரக்கரண்டி ஒன்றை
எடுத்துக்கொண்டு கிளம்பினாள்,
துண்டறிக்கைகளை உள்ளே தள்ள.
இருபத்திரண்டு வயது. நகராட்சி வார்டு.
முதல் வாக்குறுதி: குப்பை வண்டி வியாழனும் வரும்.
வந்தது.

இருபத்தாறில் பாராளுமன்றம்.
நீச்சல்குளத்தை ஒட்டிய பூப்பந்துக் கூடத்தில் எண்ணினார்கள்.
மேசைக் கால்கள் மஞ்சள் கோடுகள்மேல் நின்றன.
எல்லார் மூக்கிலும் குளோரின்.
முதலில் நாற்பத்து மூன்று வாக்கு வித்தியாசம்,
மறுபடி எண்ணியதில் நாற்பத்தொன்று.
விடிகாலை ஐந்தரை.
தோற்ற ஃபெதர்ஸ்டன், இருபது வருட உறுப்பினர்,
கைகுலுக்கிவிட்டுத் தன் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவளுடைய அலுவலகம் என்றால் நான்தான்.
பந்தயக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு கெட்டில்.
வெள்ளிக்கிழமை வருகிறவர்களின் பேர் எழுதுவேன்.
சுவரில் பூஞ்சை, மகனுக்குப் பள்ளியில் இடம்,
ஓய்வூதியம் நின்றுபோன திருமதி கிரிம்ஷா,
கடற்காகங்களைச் சுட அனுமதி கேட்டு
மாதம் தவறாமல் வரும் ஒருவர்.
எல்லாருக்கும் ஒரே பதில்:
"எழுதிக் கேட்கிறேன்."
வேறு வாயில் அது தட்டிக்கழிக்கும் சொல்.
இவள் எழுதினாள்.

வெஸ்ட்மின்ஸ்டரில் அவள் பேருக்கு ஒரு கோட்டு மாட்டி.
அதில் வாளைத் தொங்கவிட இளஞ்சிவப்பு நாடா.
வாள் யாரிடமும் இல்லை, நாடாவை அவிழ்க்க
யாருக்கும் தோன்றவும் இல்லை.
மடக்குக் குடையைத் தொங்கவிட்டாள்.
முதல் பேச்சு ஆறு நிமிடம்,
அதில் நாலு நிமிடம் நீச்சல்குளம்.
எங்கள் ஊரில் குழந்தைகள் நடக்குமுன் மிதக்கும் என்றாள்.
பச்சை இருக்கைகள் சிரித்தன,
ஏழு பேர் இருந்தார்கள்.

பிறகு அந்த மசோதா.
பதினேழாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு,
நகராட்சிகளின் பணத்துக்குக் கத்தரி.
கொறடா மக்ஃபீ மிரட்டுகிற ஆளில்லை.
பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார்:
இளநிலை அமைச்சர் நாற்காலி ஒன்று காலியாகிறது,
பேருந்துகள்.
மணி அடித்தது.
எட்டு நிமிடம்.
எனக்குப் போன் வந்தது. எடுத்தேன்.
அவள் பேசவில்லை, படிகளில் பல செருப்புகள் இறங்கும் ஓசை மட்டும்.
ஆறாவது நிமிடத்தில்,
"கிரிம்ஷாவுக்குப் பதில் வந்ததா?"
வந்தது என்றேன்.
ஆம் என்போரின் வாசலுக்குள் போனாள்.

இரவுப் பேருந்து வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.
பதினொன்றரை மணிக்கு, உள்ளே விளக்கெரிய.
மீன் தொழிற்சாலைப் பெண்கள் நடக்காமல் வீடு சேர்ந்தார்கள்.
அடுத்த வசந்தத்தில் குளத்தை வடித்தார்கள்.
அடியில் தலைமுடி ரப்பர்கள், ஒரு பல்செட்டு,
என் மகள் தொலைத்த நீச்சல் கண்ணாடி.

முப்பத்தொன்றில் அதே கூடம், அதே மஞ்சள் கோடுகள்.
மூக்கில் எதுவும் ஏறவில்லை.
ஒரு முறை எண்ணியதே போதுமாயிருந்தது.
ஆறாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
மேடையில் நன்றி சொன்னாள்,
காவலர்களுக்கு, எண்ணியவர்களுக்கு,
பேர் சொல்லி எனக்கு.
என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தைக் காலி செய்தபோது இழுப்பறையில் கரண்டி.
முனையில் ஏதோ நாயின் பல் தடம்.
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

இப்போது வீட்டுவசதிக் கழகமொன்றில் வேலையாம்.
போன வெள்ளி, மீன் வறுவல் கடை வரிசையில் பார்த்தேன்.
கடற்காகக்காரர் அவளை மடக்கியிருந்தார்.
வினிகர் சொட்டும் பொட்டலம் ஒரு கையில்,
ரசீதின் பின்புறம் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.
அந்தத் தேர்தலில் யாருக்குப் போட்டாய் என்று
அவள் கேட்டதே இல்லை.
உப்பு போதுமா என்றார் கடைக்காரர்.